சித்தப்பா வீட்டில் இருந்த ஷாஃப்ட்

கடுக்காய்த் தூளும் பழைய கியர் ஆயிலும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு நாற்றம் வரும், நாக்கின் அடியில் துவர்ப்பாகவும் மூக்கில் கொழுப்பாகவும் நிற்கும், அதை நாற்றம் என்று சொல்லக்கூட எனக்கு மனசு வராது, ஏனென்றால் எங்கள் நைனாவின் வேட்டியிலும் நாங்கள் படுத்த பாயிலும் நான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போன பாவாடையிலும் அதுதான் இருந்தது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேலி பண்ணினால் "உங்க வீட்ல வண்டி இருக்குதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன், வாயை மூடிக்கொள்வார்கள். அணைக்கட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்தது எங்கள் ஊர். எழுபதுகளில் அங்கே மாட்டு வண்டி வைத்திருந்த வீடுகள் நிறைய, சைக்கிள் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர், பெட்ரோல் ஊற்றி ஓட்டுகிற வண்டி வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான்.

மிலிட்டரிக்காரர்கள் ஓட்டி ஓய்ந்து ஏலத்தில் விட்ட வண்டி அது. ஜீப் என்றாலும் சின்ன ஜீப் கிடையாது, பின்னால் மூட்டைகளை அடுக்கி அவற்றின் மேல் நாலு ஆளும் உட்காரலாம், ஊரில் எல்லாரும் "பெரிய வண்டி" என்றே சொல்வார்கள். நைனாவும் அவருடைய தம்பி, என் சித்தப்பாவும் சேர்ந்து எடுத்தது. மலைமேல் இருக்கிறவர்கள் பொறுக்கிக் காயவைத்த கடுக்காயை மூட்டையாகக் கீழே இறக்கி ஆம்பூருக்குக் கொண்டுபோய்ப் போடுவதுதான் எங்கள் தொழில். தோல் பதம் பண்ணுகிற இடத்தை நாங்கள் "ஷாப்பு" என்போம், அந்தக் காலத்தில் ஷாப்புத் தொட்டிகளில் கடுக்காயும் மரப்பட்டையும் போட்டுத்தான் தோலை ஊறவைப்பார்கள்.

நைனா ஓட்டுவார், சித்தப்பா வண்டியைப் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வது என்றால் லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும், ஓடையில் இறங்கி ஏறின நாளில் சக்கரத்தைக் கழற்றி பிரேக்கைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். ஏலத்து வண்டிக்கு சாமான் எங்கேயும் கிடைக்காது. முன் சக்கரத்தில் ஆயில் கசியாமல் இருக்க ஒரு வளையம் உண்டு, அது தேய்ந்துபோனால் சித்தப்பா ஆம்பூரில் செருப்புக்கு அடியில் போடுகிற தடித்த தோலில் ஒரு துண்டு வாங்கிவந்து, வட்டமாக வெட்டி, உருக்கின கொழுப்பில் ஊறப்போட்டு மாட்டுவார். கடையில் வாங்குகிற ரப்பரை விட அது ஜாஸ்தி நாள் தாங்கும் என்று நைனா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். சித்தப்பா எதிரில் மட்டும் சொன்னதே இல்லை.

இந்த மாதிரி வண்டியில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், அதற்குத் தனியாக ஒரு கியர், அதை "ஸ்பெஷல் கியர்" என்பார்கள். முன் சக்கரங்களுக்கு அந்த இழுவையைக் கொண்டுபோவது வண்டியின் அடியில் நீளமாக ஓடுகிற ஒரு இரும்புத் தண்டு, அதன் பெயர் ஷாஃப்ட். கார்த்திகை மார்கழியில் மலைப்பாதை சேறாகிக் கிடக்கும்போது அது இல்லாமல் முதல் வளைவைக்கூடத் தாண்ட முடியாது. ஆனால் கடுக்காய் முடிந்து வண்டி சமதரையில் ஓடும்போது அந்தத் தண்டு சும்மா சுற்றிக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும், அதனால் பங்குனி வந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த கார்த்திகையில் மாட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பாகம் பிரிந்தது. என்ன தகராறு என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது, கேட்டால் அம்மா ஒன்று சொல்வாள், சின்னம்மா ஒன்று சொல்வாள். நிலத்தைப் பிரித்தார்கள், பாத்திரத்தைப் பிரித்தார்கள், வண்டியை எப்படிப் பிரிப்பது என்று வந்தது. வண்டி பெரியவனுக்கு, கிணற்று மேட்டு நிலம் சின்னவனுக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். சித்தப்பா மறுபேச்சுப் பேசவில்லை. கடைசியில் எழுந்திரிக்கும்போது, "வண்டி அவர்கிட்டயே இருக்கட்டும். கழட்டி வச்சிருக்கிற முன் ஷாஃப்ட்டை நான் எடுத்துக்கறேன்" என்றார். பெரியவர்களுக்கு அது ஒரு இரும்புத் துண்டு, பெரிய மனசுக்காரன் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள். நைனா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். சாக்கில் சுற்றி அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்குத் தெருவில் இருந்த தன் புது வீட்டுக்கு சித்தப்பா போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே என் வயசுப் பெண் மல்லிகா, சித்தப்பாவின் மகள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்குத் துக்கம் வண்டியைப் பற்றி இல்லை, மல்லிகாவோடு பேசக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் நைனா இரண்டு சக்கர இழுவையிலேயே மலையேறிப் பார்த்தார். ஓடையைத் தாண்டுவதற்குள் வண்டி பின்னால் சறுக்கிப் புதைந்துபோய், இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்துக் கொண்டுவந்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. நைனா வீட்டுக்கு வந்து, காலில் இருந்த சேற்றைக்கூடக் கழுவாமல் என்னைக் கூப்பிட்டார். "கிழக்குத் தெருவுக்குப் போ. வண்டி மலைக்குப் போவுதுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத, வான்னு சொல்லாத" என்றார்.

நான் ஓடிப்போய் சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, யாரைப் பார்த்தும் சொல்லாமல் வேப்பமரத்தைப் பார்த்து, வண்டி மலைக்குப் போகிறது என்று சொன்னேன். சித்தப்பா சோறு தின்றுகொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பழைய பனியனை மாட்டிக்கொண்டு, ஷாஃப்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே நடந்தார்.

அந்த வேலைக்குக் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் படுத்து போல்ட்டு பூட்டினால், இன்னொருவர் ஜாக்கியில் தூக்கின முன் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஓட்டைகளை நேருக்கு நேர் கொண்டுவந்து தரவேண்டும். "திருப்பு", "நிறுத்து", "இன்னும் கொஞ்சம்" என்று இந்த மூன்று வார்த்தைக்குள்ளேயே இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். பிறந்ததிலிருந்து "ண்ணா, ண்ணா" என்று கூப்பிட்ட மனுஷர் அந்த ஒரு சொல்லைக்கூட வாயிலிருந்து விடாமல் அடியில் படுத்து வேலை செய்தார். வேலை முடியும் நேரத்தில் தண்டு நழுவி அவருடைய விரலில் விழுந்தது. "ண்ணா" என்று ஒரு சத்தம் வந்தது. நைனா சக்கரத்தை விட்டுவிட்டு, சேற்றில் குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்களோ, வெளியே வரும்போது சித்தப்பாவின் விரலில் நைனாவின் துண்டு சுற்றியிருந்தது.

அடுத்த வருஷங்களில் அது ஒரு முறை மாதிரியே ஆகிவிட்டது. கார்த்திகை பிறந்து நாலு நாள் மழை விடாமல் பெய்தால் நான் தூது போவேன், சித்தப்பா வருவார். மத்த நாளெல்லாம் தெருவில் எதிரெதிரே வந்தாலும் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஆனால் ஷாஃப்ட் பூட்டுகிற நாள் மட்டும் வேறு நாள். ஒரு மணி நேர வேலைக்கு வந்த சித்தப்பா, வந்ததுதான் வந்தோம் என்று பிரேக்கைப் பிரிப்பார், ஆயிலை மாற்றுவார், நன்றாக இருக்கிற தோல் வளையத்தையும் கழற்றிவிட்டுப் புதிதாக வெட்டுவார், வேலை மறுநாளைக்கும் போகும். "எட்டு போல்ட்டு பூட்டறதுக்கு ரெண்டு நாளாடி ஆவும்?" என்று அம்மா அடுப்படியில் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள், சொல்லிக்கொண்டே கருவாட்டுக் குழம்பில் இன்னும் மூன்று பேருக்குத் தண்ணீரைக் கூட்டுவாள். புருஷனைத் தேடிக்கொண்டு சின்னம்மா வருவாள், புருஷன் கண்ணெதிரே படுத்திருந்தாலும் கவனிக்காதவள் மாதிரி நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்துவிடுவாள். மல்லிகாவும் நானும் வண்டியின் பின்புறம் ஏறி உட்கார்ந்து ஒரு வருஷப் பேச்சை இரண்டு நாளில் பேசித் தீர்ப்போம். பங்குனியில் கழற்றி, ஷாஃப்ட்டை சித்தப்பா தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிற அன்றைக்கும் இப்படித்தான். மறுநாள் மறுபடியும் இரண்டு வீடும் இரண்டு ஊர் மாதிரி ஆகிவிடும்.

இதைக் கெடுத்தவர் கெட்டவர் இல்லை. ஆம்பூரில் எங்கள் கடுக்காயை வாங்கின பாய், நைனாவுக்கு நல்ல தோஸ்த்து. வியாபாரம் பேச எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது யாரோ அவரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். "இன்னாபா இது பேஜாரு, தம்பி வந்தாத்தான் வண்டி ஏறும்னா நீ எப்படித் தொழில் பண்ணுவே?" என்று கேட்டார். நைனா ஏதோ சொல்லி மழுப்பினார். பாய் மனசிலேயே வைத்துக்கொண்டிருந்து, மெட்ராஸுக்குப் போனபோது பழைய சாமான் கடைகளில் தேடி, அதே அளவில் ஒரு ஷாஃப்ட் கண்டுபிடித்து, ஆளைக் கூடவே அனுப்பி எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். காசு எதுவும் வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். கூட வந்த மெக்கானிக்கு, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அதை மாட்டிவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நைனா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் டம்ளரைத் தொடாமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை பிறந்தது, மழை பிடித்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. விடிந்ததும் நைனா வண்டியை எடுத்தார், நானும் அம்மாவும் வாசலில் நின்றோம். மலைக்குப் போகிற பாதை கிழக்குத் தெரு வழியாகத்தான் போகிறது. சித்தப்பா பனியன் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதையும், ஷாஃப்ட்டை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்ததையும், கிழக்குத் தெருவை நேராகப் பார்த்த எங்கள் வாசலிலிருந்தே பார்க்க முடிந்தது. முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தால் அந்த வண்டிக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, அடியிலிருந்து முனகுகிற மாதிரி வரும், அதை அவரைவிட அறிந்தவர் யார்? நைனா தலையைத் திருப்பாமல் அந்த வாசலைத் தாண்டிப் போனார். சத்தம் ஓடைப்பக்கம் போய் அடங்குகிற வரைக்கும் சித்தப்பா அங்கேயே நின்றார், அப்புறம் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா, "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

"இன்னான்னு சொல்றது? வண்டிதான் ஓடுதே" என்றார் நைனா.

அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒன்றும் மிஞ்சவில்லை. மல்லிகாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, நாங்கள் போகவில்லை. என் கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. எண்பதுகளில் ஷாப்புகளெல்லாம் கடுக்காயை விட்டு குரோம் என்கிற ரசாயன உப்புக்கு மாறினபோது எங்களிடம் கேட்கிறவர்கள் குறைந்துபோய், நைனா பெரிய வண்டியை எடைக்குப் போட்டார். அதைக் கேள்விப்பட்டும் கிழக்குத் தெருவிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

சித்தப்பா முதலில் போய்ச் சேர்ந்தார். நைனாவை அழைத்துக்கொண்டு நான்தான் போனேன். தம்பியின் காலடியில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார், அழவில்லை. எடுக்கப்போகிற நேரத்தில் சின்னம்மா வந்து அவர் எதிரில் நின்று, கோபம் எதுவும் இல்லாமல், செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அந்தத் தண்டை வித்துடுன்னு எத்தனையோ வாட்டி சொன்னேன் மாமா. அது கையில இருந்தாத்தான் எங்கண்ணன் கூப்பிடுவாருன்னு சொன்னாரு."

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது நைனா பாதி வழியில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எனக்கும் தெரியும்மா" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "பாய் கொண்டாந்து எறக்கறான். வேணாம்னு சொன்னா, ஏன்னு கேப்பானே" என்றார்.

இதை நான் வருஷக்கணக்காக மனசில் போட்டுப் பார்த்துவிட்டேன். தம்பி வேண்டும் என்று ஒரு சிநேகிதனிடம் சொல்ல வெட்கப்பட்டு, அந்த வெட்கத்துக்காகத் தம்பியையே விட்டுவிட்டார் எங்கள் நைனா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, எங்கள் வீட்டில் யாருக்கும் கழுத்து வளையாது, எனக்கும் அப்படித்தான், அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவள். பிரிந்துபோனவர்கள் கூப்பிட ஒரு சாக்கு வைத்திருந்தார்கள், அதையும் கௌரவம் கெடாமல் இரண்டு பக்கமும் காப்பாற்றினார்கள். ஒரு நல்ல மனுஷன் செய்த நல்ல காரியம் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எட்டாவதுக்கு மேல் படிக்காதவள் நான், இவ்வளவு எழுதவே பல நாள் ஆனது. இப்போது மலைக்குத் தார் ரோடு போட்டாகிவிட்டது. கடுக்காய் மூட்டை இறங்குவதைப் பார்த்தே எத்தனையோ காலம். நைனா இல்லை, அம்மா இல்லை, கிழக்குத் தெரு வீட்டை விற்றுவிட்டு சின்னம்மா மகளோடு போனாள், அவளும் இப்போது இல்லை. மல்லிகா கணியம்பாடியில் இருக்கிறாள் என்கிறார்கள். அவளுடைய நம்பரை என் மகன் எப்படியோ வாங்கி என் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். கூப்பிட்டு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. இந்தக் கார்த்திகையிலும் நல்ல மழை. மலைக்குப் போகிற பஸ் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு கிழக்குத் தெரு வழியாகப் போகிறது, எந்த வாசலிலும் நிற்காமல்.