கை நீட்டினால் கிடைக்காத கடை

"எது?" என்கிறாள் ஜுவைரியா.

ஜாடிகளைப் பார்த்து விரல் நீட்டி நிற்கும் நிவேதாவுக்கு நான்கு வயது. "அது."

"அதுன்னு ஒரு சரக்கு நம்ம கடையில இல்லம்மா. எப்படி இருக்கும், சொல்லு."

சிறுமி யோசிக்கிறாள். "வெள்ளையா... உப்பு குமிச்சு வெச்சா மாதிரி."

தேங்காய் மிட்டாய் கைக்கு வருகிறது. அதன் பேரை இரண்டு தடவை சொன்ன பிறகே நிவேதாவால் நகர முடிகிறது.

மரக்காணத்தில் அங்கன்வாடிக்கு எதிரே இருக்கிறது இந்தப் பெட்டிக்கடை. அம்மாக்கள் விடியுமுன்பே உப்பளத்துக்குப் போய்விடுவதால் காலையில் இங்கே குட்டிகளின் ராஜ்யம்தான். புளிப்பு மிட்டாய் தின்றவன் அது எப்படிப் புளித்தது என்று விவரம் சொல்ல வேண்டும். குழந்தை வளர்ப்பு பற்றி ஜுவைரியாவுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. அவளுக்குப் பேச்சு பிடிக்கும், அவ்வளவுதான். "யாவாரம் பண்றியா, வாயடிக்கிறியா?" என்று ஷார்ஜாவிலிருந்து கணவன் நியாஸ் போனில் திட்டுவான்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இந்தக் கடையில் அந்தப் பழமொழி செல்லவில்லை. மகன் ரய்யானுக்கு மூன்றரை வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கல்லாவுக்குப் பின்னால் அவள் மடியோரமே அவன் இடம். அவன் கண் போகும் திசைக்கு அவள் கை முந்திப் போய்விடும். உதட்டை நக்கினால் தண்ணீர், முகம் சுளித்தால் பிஸ்கட். "'அத்தா'ன்னு ஒரு தடவ என்னைக் கூப்புடுடா" என்று வீடியோ காலில் நியாஸ் தினமும் கெஞ்சுவான். பையன் திரையைத் தடவிவிட்டுத் திரும்பிக்கொள்வான். கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி ஜுவைரியா போனை வைப்பாள்.

போன வாரம் அங்கன்வாடி டீச்சர் லூர்துமேரி கேட்டேவிட்டார். "ஊர் புள்ளைங்கள எல்லாம் பேச வெக்கிறீங்க. இவனுக்கு மட்டும் கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுறீங்க. அப்புறம் எதுக்குங்க அவன் பேசணும்? வாய்ல இல்லாத வார்த்தைய நாளைக்கு புக்குல பார்த்தா அவனுக்கு எப்படிப் புரியும்?"

ஜுவைரியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை, ரய்யானைத் தூக்கிக் கடைக்கு வெளியே மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்தினாள்.

அவன் முறை வந்தது. பிஸ்கட் ஜாடியைக் காட்டினான்.

"எது கண்ணு?"

மறுபடி காட்டினான். கீழுதடு பிதுங்கியது. "பிஸ்கட்டுன்னு சொல்லுடா, குடுத்துடுவாங்க" என்று பக்கத்தில் நின்ற நிவேதா அவன் காதருகே சொன்னாள். அவன் கண்ணில் நீர் கட்டியது. வாய் திறந்தது, மூடியது.

பெற்ற மனம் பித்து. ஜுவைரியாவின் வலது கை அது பாட்டுக்கு ஜாடி மூடிக்குப் போய்விட்டது. அவள் அந்தக் கையை இழுத்து, தொடைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.