கண்டக்டரின் சமையல் முறை

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியின் பேச்சைக் கேட்டு அந்தக் கூட்டுப் பண்ணையில் போய்ச் சேர்ந்தார். ஏழெட்டுக் குடும்பங்கள், ஒரே சமையலறை, ஒரே மாட்டுக்கொட்டகை. வேலைகள் வாரத்துக்கு வாரம் கை மாறும். ஆண் வேலை, பெண் வேலை என்ற பேச்சே கிடையாது. சேரும்போது எல்லாரும் இதற்குத் தலையாட்டினார்கள். கண்டக்டரும் ஆட்டிவைத்தார்.

சமையல் முறை வந்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதது பெரிய கவலையில்லை. கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் சமையலில் வேளை தவறாமல் குறை சொல்லி வந்தவர் அவர். சாப்பிடுகிறவர்களின் நாக்கு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா? அப்படிப்பட்ட நாக்கு அங்கே ஆளுக்கொன்று இருக்கிறது.

பக்கத்து அறை டீச்சரிடம் போனார். "டீச்சர், உங்க கொட்டகை வேலையை நான் பாத்துக்கறேன். என் சமையலை நீங்க எடுத்துக்குங்க."

"சாணி அள்ளணுமே?"

"எனக்கு மாடுன்னா உயிரு."

மாட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மாடுகளுக்கும் அவரை ஆகாது. ஆனால் சொன்னது சொன்னதுதான். ஒவ்வொரு முறையும் யாராவது சந்தோஷமாக மாற்றிக்கொண்டார்கள். மழை, வெயில் பார்க்காமல் சாணி அள்ளினார். பிறந்தநாளுக்கு மாட்டுப் படம் போட்ட சட்டை வாங்கிக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டார். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பண்ணையையே புரட்டிப் போட்டது. கொட்டகையே கதி என்று கிடந்ததாலோ என்னவோ, கண்டக்டர் மட்டும் தப்பினார்.

"என்னங்க, யாராவது எதையாவது கொதிக்க வைக்கணும்ல?" என்றார் மனைவி, படுத்தபடியே.

"யாரு?" என்று சுற்றிலும் பார்த்தார். போர்வைகள்தான் தெரிந்தன.

கையில் கிடைத்த காய்களை அண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டார். அடி பிடித்தது. அதையே சூப் என்று ஊற்றிக் கொடுத்தார். எல்லாரும் கிண்ணத்தை வழித்துக் குடித்தார்கள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் கைப்பக்குவத்தையா கொட்டகையில ஒளிச்சு வெச்சிருந்தீங்க!"

காய்ச்சல்காரர்களுக்கு நாக்கில் ருசி இருக்காது என்பது கண்டக்டருக்கு அப்போது தோன்றவில்லை. எல்லாரும் எழுந்து நடமாடத் தொடங்கியதும், அந்த சூப்பை இன்னொரு தரம் கேட்டார்கள். அவரும் அதே மாதிரி செய்து வைத்தார்.

மேஜையில் எல்லாரும் சூப்பைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், பண்ணைக் குடும்பங்களில் ஒருவரான எலக்ட்ரீஷியன் கரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க. இதை வாயில வைக்க முடியல."

கண்டக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒருவர் ரொட்டியை எடுத்து நகர்த்தினார். இன்னொருவர் கிணற்று மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் சாணி அள்ளினோம் என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பாத்திரம் கழுவும்போது மனைவியிடம் கேட்டார்: "நான் தினம் குறை சொன்னப்பெல்லாம் உனக்கு எப்படி இருந்துச்சு?"

"மொதல்ல அழுகையா வந்துச்சு. அப்புறம் நீங்க பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆயிட்டீங்க."

அவர் அண்டாவைத் தேய்த்தார். அடிப்பிடித்தது லேசில் போகவில்லை.

இப்போதெல்லாம் தன் முறை வந்தால் கண்டக்டரே சமைக்கிறார். கை இன்னும் தேறவில்லை. அந்த வாரம் முழுக்க எலக்ட்ரீஷியனுக்கு டவுனில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.