பேப்பரில் வந்த பா

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது நான்கு, நாத்தனார் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தது ஆறு. ஐந்தாம் வகுப்பை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் குஜராத்திப் பேப்பரில் ஓர் எழுத்து எனக்குத் தெரியும் என்றால் நம்புவீர்களா?

இன்று வெந்தயக் கீரை ஆய உட்கார்ந்தேன். பேத்தி நந்தினி டிஷ்யூ காகிதத்தை விரித்தாள். கீரை வாசனை வந்தது. கூடவே வர வேண்டிய மை வாசனை வரவில்லை. தொண்ணூறுகளில், அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் மகனோடு அபார்ட்மெண்டில் இருந்தபோது, எனக்குக் கீரை ஆயக் குஜராத்திப் பேப்பர்தான். பா கொடுப்பாள். பா என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. அடுத்த கட்டடத்துக் கிழவியை அவள் வீடே அப்படித்தான் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவள். ஆனால் நான் அப்போது கிழவி இல்லை.

அவளுக்குத் தமிழ் வராது, எனக்குத் தமிழைத் தவிர எதுவும் வராது. ஆனாலும் பகல் முழுக்கப் பேசுவோம். வாரப் பேப்பரைப் படித்து முடித்ததும் மடித்து எனக்குத் தருவாள். ஒருநாள் அதில் நம் ‘ப’ மாதிரியே ஓர் எழுத்தைக் கண்டு விரலை வைத்தேன். “ப” என்றாள். “ப” என்றேன். பரீட்சையில் பாஸான மாதிரி இருவரும் சிரித்தோம்.

ஓர் ஆவணி மாதம் பா ஏழெட்டு நாள் வெளியே வரவே இல்லை. அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். மகன் இந்தியக் கடையிலிருந்து கீரையோடு, வாசலில் இலவசமாக அடுக்கியிருக்கும் புதுப் பேப்பரும் எடுத்து வந்தான். மறுநாள் விரித்து உட்கார்ந்து பாதிக் கட்டு ஆய்ந்திருப்பேன். இலைகளை ஒதுக்கினால், அடியில் பா. முக்காடு போட்ட படம், சுற்றிலும் பூ. நம் ஊரில் வயதானவர் படம் பேப்பரில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பேப்பரைப் பிடித்தபடி செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அவர்கள் வாசலில் முப்பது நாற்பது ஜோடிச் செருப்பு. இனிச் சந்தேகம் என்ன? கதவைத் தள்ளி, “என்ன விட்டுட்டுப் போயிட்டியே பா” என்று குரலெடுத்தேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நடுவே நாற்காலியில், பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு பா.

அவள் மருமகள் சௌகார்பேட்டையில் வளர்ந்தவள். நன்றாகத் தமிழ் பேசுவாள். வேலைக்குப் போவதால் கண்ணில் படுவதுதான் அரிது. “ஆன்ட்டி, எதுக்கு அழுவுறீங்க? பா எட்டு நாள் தண்ணி மட்டும் குடிச்சு உபவாசம் இருந்தாங்க. எங்க ஜைன வழக்கம். இன்னிக்கு முடிக்கிறாங்க. அதுக்குத்தான் பாராட்டிப் பேப்பர்ல போட்டோம். உங்க ஆன்சரிங் மெஷின்ல மெசேஜ் விட்டேனே.”

அந்த மெஷின் எங்களுக்குக் கோயில் உண்டியல் மாதிரி. எப்போதோதான் திறப்போம்.

பா என் கையிலிருந்த பேப்பரை வாங்கினாள். படத்தில் அவள் மூக்கின் மேல் ஒரு வெந்தய இலை ஒட்டியிருந்தது. அதைக் கிள்ளி எடுத்துவிட்டுச் சிரித்தாள். எட்டு நாள் பட்டினி கிடந்த உடம்பு குலுங்கியது. பிறகு ஊட்டிவிடக் காத்திருந்த சொந்தக்காரர்களையெல்லாம் கையமர்த்தி நிறுத்தி, பாசிப்பயறு வேகவைத்த தண்ணீரை என்னிடம் கொடுத்து வாயைத் திறந்தாள். முதல் ஸ்பூன் நான்தான் ஊட்டினேன். பாதி பட்டில் சிந்தியது.

அப்புறம் நாங்கள் பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கினோம். அவர்கள் டெக்சஸ் போனார்கள். கடை வாசலில் அந்தப் பேப்பர் அடுக்கு இப்போது இல்லை. போன வருடம் பா நிஜமாகவே போனாள். படம் போனில் வந்தது, வழவழவென்று. அதில் கீரை ஒட்டாது.

நந்தினி, நான் எழுதுன இதப் படிச்சுக் காட்டுடி. பிழைய எண்ணாத. ‘பா’ வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமாப் படி.