திராவக அறையின் தாழ்ப்பாள்

வீட்டு வேலைக்கு வரும் அம்மா குளியலறையில் ஆசிட் ஊற்றினார். அந்த நெடியில் ஆம்பூர்த் தோல் ஷெட்டின் திராவக அறைக்குள் மறுபடி அடைபட்டேன்.

அப்பா அங்கே ஸ்டோர் கீப்பர். திராவகம் அளக்கும்போது கதவை உள்ளே தாழிட வேண்டும் என்பது விதி. சிறுவயதில் ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோன என்னையும் உள்ளே விட்டுத் தாழிட்டார். ஜாடிகளின் புகையில் வருஷக்கணக்காக ஊறிய இரும்புத் தாழ்ப்பாள் துருவேறி உப்பியிருந்தது. பிறகு திறக்க இழுத்தபோது அசையவே இல்லை. எனக்கு இருமல் நிற்கவில்லை.

"கொயந்த இருமுது சார். கதவ ஒடைச்சிடட்டுமா?" வெளியே இருந்து கூலியாள் முனுசாமி கேட்டார்.

"கம்பெனி கதவு. பெரிய தொரை உத்தரவு இல்லாம கை வைக்காதே."

"தொரை வேலூர் போய்ட்டாரு. சாயங்காலம்தான் வருவாரு."

"அப்ப சாயங்காலம்தான்," என்ற அப்பா, துண்டை நனைத்து என் மூக்கில் கட்டினார்.

முனுசாமி கதவைப் பிடித்து இழுத்தார். கீல் ஆணிகளையும் திராவகம் தின்றிருந்தது. கதவு அப்படியே பெயர்ந்து வந்தது.

"நான் ஒடைக்கல சார். அதுவே வந்துடுச்சி."

கதவு பெயர்ந்தபோதும் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்ததாக அப்பா துரையிடம் சொன்னார். உண்மைதான்.

எங்கள் குளியலறைக்கு மரத் தாழ்ப்பாள்தான் போட்டிருக்கிறேன். இருந்தும் அந்த அம்மா கழுவி முடிக்கும்வரை கதவைத் திறந்து கையால் பிடித்துக்கொண்டே நிற்கிறேன்.