முக்பிலின் இரண்டு இலைகள்

என் வீட்டுக்காரர் முக்பில் கல் கொத்தனார். ஆனால் ஏமனின் ஸன்ஆ நகரில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவர் ஆட்டக்காரர்தான். கல்யாணத்தில் ஜம்பியா கத்தியை உயர்த்தி ஆடும் வரிசைக்கு அவரே முதல் ஆள். மேளம் வேகமெடுக்க எடுக்க ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். இவர் மட்டும் நிற்பார். மொட்டை மாடியில் பெண்களோடு நின்று நான் பூரித்துப்போவேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கிறக்கம் தரும் காத் இலை. கன்னம் புடைக்கும்வரை மெல்வார். காத் வயிற்றைக் கட்டும் என்று இங்கே யாருக்குத் தெரியாது? அதனால் படுக்கும் முன் வயிற்றை இளக்கும் நிலாவரை இலைக் கஷாயம். "ஒரு இலை பூட்டும், இன்னொரு இலை தொறக்கும். ரெண்டு சாவியும் என்கிட்ட இருக்கு!" என்று பெருமை வேறு. முதலில் ஒரு சிட்டிகைதான். பிறகு அது கரண்டியாகி, கைப்பிடியாகி, வருடக்கணக்கில் ஓடியது. கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போன வருடம் பக்கத்துத் தெருக் கல்யாணத்தில், முட்டி போட்டு எழ வேண்டிய இடத்தில் இவரால் எழ முடியவில்லை. கூட்டாளி ஸர்ஹான்தான் தூக்கிவிட்டான்.

"வயசாயிடுச்சுப்பா உனக்கு. நஷ்வான் கல்யாணத்துல உன் எடத்துல நான் ஆடறேன்" என்றான், பல்லைக் காட்டிக்கொண்டு.

நஷ்வான் எங்களுக்கு ஒரே மகன். வீட்டுக்கு வந்தவர் ஜம்பியாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனேன். ரத்தப் பரிசோதனை முடிந்ததும் அந்தப் பெண் கேட்டாள்:

"சாச்சா, தினமும் என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"மருந்தா? மாத்திரை பக்கமே போகமாட்டேன். வெறும் இலைதான். பகல்ல காத், ராத்திரி நிலாவரை!"

"அந்த நிலாவரைதான் உங்க ஒடம்புல இருக்கற பொட்டாசியத்தை எல்லாம் வெளிய கொட்டுது. கால்ல தெம்பில்லாததுக்கு அதான் காரணம். விட்டா இதயமும் தடுமாறும். குடல் சொந்த வேலையவே மறந்துபோச்சு."

"நான் பையன் கல்யாணத்துல ஆடுவேனா மாட்டேனா? அதச் சொல்லும்மா."

"ரெண்டு இலையையும் விட்டா ஆடலாம்."

"விட்டாச்சு!" என்றார். வாய்க்கு என்ன, வலிக்கவா போகிறது? டாக்டர் சொன்னபடி பொட்டாசிய உப்பு மருந்து கொடுத்து, கஷாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். வயிறு உப்பி, வீட்டில் ஒரே ரகளை.

"நஷ்வானோட உம்மா, என்னைக் கொல்லப் பாக்குறியா?"

"கஷாயம் செய்யாத வேலையையா நான் செய்யப்போறேன்? பப்பாளியத் தின்னுங்க, தண்ணியக் குடிங்க, நடங்க!"

பெரிய கஷ்டம், ஆண்கள் கூடி உட்கார்ந்து மெல்லும் காத் சபைதான். வெறுங்கன்னத்தோடு அங்கே உட்கார்ந்தால் ஆளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சபையை விட்டுவிட்டால் மனிதர் செத்தே போவார். யோசித்தேன். உலர்ந்த அத்திப்பழங்களை ஊறவைத்து அவர் கன்னத்தில் அடக்கி அனுப்பினேன். மாதக்கணக்கில் ஒரு பயலும் கண்டுபிடிக்கவில்லை!

வயிறு மெல்ல வழிக்கு வந்தது. கல் தூக்கும்போது கால் நடுங்குவதும் நின்றது.

கல்யாணத்தன்று ஆணியிலிருந்து ஜம்பியாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மாடிக்கு ஓடினேன். மேளம் ஏறியது. ஒருவர் கழன்றார், இன்னொருவர் கழன்றார். இவரும் ஸர்ஹானும் மட்டும் மிச்சம். முட்டி போடும் இடம் வந்தது. நான் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர் இறங்கி, சட்டென்று எழுந்தார். ஸர்ஹான் இறங்கியவன் தரையில் கை ஊன்றிவிட்டான். தினமும் கஷாயம் குடிக்கிறவன்தானே அவனும்! நான் போட்ட குலவையில் தெருவே நிமிர்ந்து பார்த்தது.

இவர் குனிந்து ஸர்ஹானைத் தூக்கிவிட்டார். மூச்சு வாங்க, அவன் இவரது புடைத்த கன்னத்தையே பார்த்தான்.

"அடப்பாவி, எந்தத் தோட்டத்து காத் இலைடா அது? எனக்கும் ஒரு கட்டு வாங்கிக் குடு!"

இவர் கன்னத்திலிருந்து மென்ற அத்திப்பழத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, மாடியில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே நின்ற என்னைக் கைகாட்டினார்.

"அவகிட்ட கேளு."