தானா ராத்தாவின் கறுப்புச் சைக்கிள்: துரையுடையதா, இல்லையா?

கேமரன் மலைக்கு நான் இந்த முறை போனது தேயிலை பார்க்கவோ ஸ்ட்ராபெரி பறிக்கவோ அல்ல, ஒரு சைக்கிளைப் பார்க்க. போன மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. சனி ஞாயிறுகளில் பிரிஞ்சாங் பக்கம் வண்டி நகராது. நீங்களும் வார நாளாகப் பார்த்துப் போங்கள்.

ஈப்போவில் என் வீட்டுக் கொல்லையில் பழைய சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டுவது என் பொழுதுபோக்கு என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். படம் அனுப்பி, இது எந்த நாட்டுச் சைக்கிள் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கேமரன் மலையின் தானா ராத்தா டவுனிலிருந்து ரீத்தா என்ற பெண் அனுப்பிய படம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. உயரமான கறுப்புச் சைக்கிள். முகப்பில் கம்பெனி வில்லை இல்லை, அது இருந்த இடத்தில் இரண்டு துளைகள்தான். உடம்பு முழுக்கச் சுவருக்கு அடிக்கிற பிரஷ்ஷால் அடித்த தடித்த பெயிண்ட். கூடவே ஒரு செய்தி: “இது இங்கிலீஷ்காரன் சைக்கிளா இல்லையா, அது மட்டும் தெரியணும் அக்கா. வேற யார்கிட்டயும் காட்டாதீங்க.”

வில்லை இல்லை, மேலே புதுப் பெயிண்ட், யாரிடமும் காட்டக் கூடாது. திருட்டுச் சைக்கிளை விற்க என் பெயரைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் படத்தில் சங்கிலியை முழுக்க மூடிய எண்ணெய்த்துணி உறை தெரிந்தது. அப்படி ஒன்றை நான் கையால் தொட்டதே இல்லை. சந்தேகத்தோடேயே கிளம்பினேன்.

சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் ஈப்போவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கம்போங் ராஜா வந்துவிட்டால் அதற்குப் பிறகு காய்கறி லோரிகளின் பின்னால்தான் பயணம். முந்தப் பார்க்காதீர்கள், வளைவுகள் மோசம்.

ரீத்தாவுக்கு நாற்பது வயது இருக்கும், டவுனில் பூ வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதன் வாசலில், கவிழ்த்துப் போட்ட காய்கறிக் கூடைமேல் அவளுடைய அப்பா அந்தோணி உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். எழுந்து வழிவிடவில்லை.

“யாரு அனுப்பிச்சா ஒங்கள?”

“உங்க மகதான் கூப்பிட்டாங்க, ஐயா.”

“எஸ்டேட் ஆபிஸ் இல்லையே?”

“இல்லைங்க.”

“அப்ப எதுக்குக் கையில டார்ச் லைட்டு?”

சந்தேகப்பட வந்தவள் நான். அவரோ என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ரீத்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்கக்கா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம் லா.”

காரில்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்தோணி முன்பு தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்தவர். லீவு நாட்களில், தவுக்கே என்று சொல்லும் ஒரு சீன முதலாளியின் பூத்தோட்டத்துக்கும் போவார். ஒரு நாள் இந்தச் சைக்கிளோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்திருக்கிறார். பூத்தோட்டத்துக்கு ஆலோசனை சொல்ல வந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது என்றாராம். அதே சமயம் பார்த்து, எஸ்டேட்டின் இங்கிலீஷ்காரத் துரை பங்களா வராந்தாவில் பல வருஷமாக நின்ற பழைய கறுப்புச் சைக்கிள் காணாமல் போயிருக்கிறது. போலீசுக்கு யாரும் போகவில்லை. ஆனால் அந்தோணியோடு யாரும் பேசவில்லை. அந்தோணிதான் எடுத்தார் என்று முதலில் சொன்னவர் அவருடைய சொந்தச் சித்தப்பா மகன் சூசை. அந்தோணி எஸ்டேட்டை விட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் கால் வைக்கவே இல்லை.

“அந்த வெள்ளைக்காரர் எந்த நாடு?” என்று கேட்டேன்.

“வெள்ளைக்காரர்னுதான் எல்லாருக்கும் தெரியும். யாரு கேட்டா நாடெல்லாம்?”

துரையின் சைக்கிள் எப்படி இருந்தது என்று தெரியாமல் இதை ஒப்பிட முடியாது. அதனால் எஸ்டேட்டுக்கே போனோம். டவுனிலிருந்து அரை மணி நேரம், ஒரு வண்டி மட்டும் போகும் பாதை. எதிரே லோரி வந்தால் நீங்கள்தான் பின்னால் நகர வேண்டும். சூசை இன்னும் மகனோடு லயத்து வீட்டில்தான் இருக்கிறார். ரீத்தா என்னை, பழைய சைக்கிள் பற்றி எழுதுகிறவர் என்று அறிமுகப்படுத்தினாள். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

“இப்ப எதுக்குக் கேக்குற? ஒங்கப்பன் விக்கப் போறானா?” என்றார் சூசை.

“இல்ல சித்தப்பா. துரை சைக்கிள் எப்படி இருந்துச்சுன்னு அக்காவுக்குச் சொல்லுங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருக்கே சொல்ல ஆசை வந்துவிட்டது. “நான்தாம்மா அத தொடைப்பேன். ரெண்டு கையிலயும் பிரேக்கு. வயர் கெடையாது, எல்லாம் கம்பி. கீழ ஓடி பின்சக்கரம் வரைக்கும் போகும். அந்தக் கம்பியத் தொடைக்கவே பாதி நேரம் போயிடும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அந்தோணி சைக்கிளக் கிட்டப் போயி நான் பாத்ததில்ல. ஆனா வெள்ளைக்காரன் சைக்கிள சும்மா தூக்கிக் குடுப்பானா லா? நீங்களே சொல்லுங்க.”

நாங்கள் திரும்பி வந்தபோதும் அந்தோணி அதே கூடைமேல்தான் இருந்தார். இனி மறைப்பதில் பயனில்லை என்று எல்லாவற்றையும் அவரிடமே சொன்னேன். சூசை சொன்ன பிரேக் கம்பியையும் சொன்னேன். பிறகு எழுந்து கூடையை நகர்த்தினார். “பாத்துக்குங்க. எதையும் கழட்டாதீங்க.”

கைப்பிடியில் ஒரே ஒரு பிரேக், அதுவும் முன்சக்கரத்துக்கு. பின்பக்கம் போகும் கம்பி இல்லை. யாராவது கழற்றியிருக்கலாமே என்று எனக்குச் சந்தேகம். அப்படிப்பட்ட கம்பியைத் தாங்கும் காதுகள் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்ற முடியாது, அறுத்தால் தழும்பு நிற்கும். டார்ச் அடித்து, அடிக்குழாய் முழுக்க நகத்தால் தடவினேன். ஒரு தழும்பும் இல்லை. பின்சக்கரத்தைச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டும் வளையப் பூட்டு இருந்தது. அந்தோணி உள்ளே போய்ச் சாவி கொண்டுவந்தார். திறந்து, சக்கரத்தைச் சுழலவிட்டுப் பெடலைப் பின்னால் அழுத்தினேன். சட்டென்று நின்றது. பின்பிரேக் பெடலில் இருக்கிறது.

“பின் மட்கார்டு நுனியில கொஞ்சம் பெயிண்ட் சுரண்டலாமா?” என்று கேட்டேன்.

“அங்க வெள்ளையா இருக்கும்,” என்றார். “நான்தான் கறுப்பு அடிச்சேன். அந்த வெள்ளை தூரத்துலயே தெரிஞ்சுது. நான் போனாலே ஆளுங்க திரும்பிப் பாத்தாங்க.”

தின்னர் தொட்டுத் துடைத்தேன். வெள்ளைதான். இருட்டில் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிவதற்காக ஹாலந்துச் சைக்கிள்களில் அடிக்கும் வெள்ளை. சீட்டுக்குக் கீழேயும் துடைத்தபோது சைக்கிள் விற்ற கடையின் ஒட்டுப்படம் பாதி வெளிவந்தது. ஊர்ப் பெயர் படிக்க முடியவில்லை. ஆனால் ஆங்கில எழுத்து ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒட்டி நிற்கும் ஒரு சொல் இருந்தது. டச்சுமொழி அப்படித்தான் எழுதும். எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று வில்லை இல்லாமல் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அது ஹாலந்துச் சைக்கிள். கம்பி பிரேக் போட்ட துரையின் சைக்கிள் அல்ல.

சொன்னேன். ரீத்தா அழத் தொடங்கினாள். அந்தோணி அழவில்லை. மகளைப் பார்த்துக் கேட்டார்: “இவங்கள வரச் சொன்னது எஸ்டேட்டுக்குக் காட்டவா, ஒனக்கா?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கும்தாம்பா.”

“என்னையக் கேட்டிருக்கலாமே.”

“கேக்கப் பயமா இருந்துச்சு.”

“ஆமான்னு சொல்லிடுவேன்னா?”

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். நான் தின்னர் பாட்டிலை மூடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்தில் அங்கே நிற்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

கொஞ்ச நேரம் கழித்து ரீத்தா, எஸ்டேட்டுக்குப் போய்ச் சூசையிடம் சொல்லலாமா என்றாள். “அவன் வரட்டும்,” என்றார் அந்தோணி. என்னிடம், “இதுக்கு டயர் கெடைக்குமாம்மா?” என்று கேட்டார்.

கிடைக்கும். இந்த மாதிரிச் சைக்கிள் உங்களிடம் இருந்தால் 28-க்கு ஒன்றரை அளவு டயரைக் கேளுங்கள். சாதாரண 28 என்று வாங்கினால் சக்கரத்தில் ஏறாது. அடையாளம் காண, முதலில் பின்பிரேக் எங்கே என்று பாருங்கள், பிறகு பின் மட்கார்டின் நுனி. பெயிண்டைச் சுரண்டும் முன் உரிமையாளரிடம் கேளுங்கள். மலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள், மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது. துரையின் சைக்கிள் கடைசியில் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடி யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

டயர்களைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினேன். சில வாரம் கழித்து ரீத்தா போன் செய்தாள். விஷயம் காதுக்கு எட்டி, சூசை வந்திருக்கிறார். நேராகக் கொட்டகைக்குப் போய், குனிந்து, பின்சக்கரத்துப் பக்கம் கம்பியைத் தேடிக் கையால் துழாவியிருக்கிறார். பிறகு கை கழுவிவிட்டு வந்து அந்தோணி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாராம்.

“மன்னிப்புக் கேட்டாரா?” என்றேன்.

“இல்லக்கா. ரெண்டாந்தடவ கொழம்பு கேட்டாரு. அப்பா எந்திரிச்சு ஊத்தினாரு.”