இரண்டாவது மாதிரி சுத்தமாக இருந்தது

1977 ஜூன் 6: சித்தூர் பணிமனையிலிருந்து ஒரு லாரியின் எஞ்சின் ஆயில் மாதிரி திருப்பதி ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. சூடான தட்டில் விட்ட துளி படபடவென்று வெடித்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. அறிக்கை அன்றே அனுப்பப்பட்டது.
ஜூன் 7: பணிமனையில் ஆயில் மாற்றப்பட்டது. எஞ்சின் திறக்கப்படவில்லை.
ஜூன் 8: அதே வண்டியின் இரண்டாவது மாதிரி வந்தது. குறை காணப்படவில்லை.
ஜூன் 19: மாம்பழக்கூழ் ஏற்றிச் சென்னைக்குப் போன அந்த லாரி, நகரிக்கு அருகே எஞ்சின் இறுகி நின்றது.
ஜூலை 4: ஓட்டுநர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்.

ஓட்டுநர் என் தம்பி. இரண்டு அறிக்கைகளிலும் கையெழுத்திட்டவன் நான்.

அந்த லாரி நிறுவனத்தில் அதுவரை குறிப்பிட்ட தூரம் ஓடியதும் ஆயிலை வடித்துக் கொட்டிவிடுவார்கள். நல்ல ஆயிலும் கொட்டப்பட்டது. கெட்டுப்போனது தூரம் முடியும்வரை உள்ளேயே கிடந்தது. வேதியியல் படித்த என்னை அழைத்துத் திருப்பதியில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்து, இனிச் சோதித்துப் பார்த்து மாற்றுவோம் என்றார்கள். நான் ஒரு படிவம் அச்சிட்டேன். அதில் இரண்டே கட்டங்கள்: மாற்றவும், மாற்ற வேண்டாம். எஞ்சினைப் பற்றி அந்தப் படிவம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. ஜூன் 6 அன்று முதல் கட்டத்தில் குறியிட்டு, அடியில் கையால் எழுதினேன்: "தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எஞ்சினைத் திறந்து பார்க்கும்வரை வண்டியை ஓட்டக் கூடாது."

மாங்காய் சீசன். எஞ்சினைத் திறந்தால் வண்டி ஒரு வாரம் நிற்கும். ஆயில் மாற்ற ஒரு மணி நேரம் போதும். அவர்கள் கட்டத்தை மட்டும் படித்தார்கள்.

இரண்டாவது மாதிரியைப் பணிமனை மேஸ்திரியே கொண்டுவந்தார்.

"எஞ்சினைத் தொறந்தீங்களா?" என்று கேட்டேன்.

"மாத்துன்னு போட்டிருந்தீங்க சார், மாத்தியாச்சு. இப்ப பாருங்க, தேனாட்டம் கீது. இன்னும் இன்னாத்த தொறக்கறது?"

"நேத்து ஊத்தின ஆயில் தேனாட்டந்தான் இருக்கும்."

"அப்போ நல்லாகீதுன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். துளி வெடிக்கவில்லை, வெடித்தது என்று எப்படி எழுதுவேன்? காய்ச்சல்காரனைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்து, உடம்பு சில்லென்று இருக்கிறது பாருங்கள் என்றார்கள். நான் அதற்குச் சான்று கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தம்பி என்னைத் தனியே அழைத்தான்.

"அண்ணா, ஓட ஓட ஆயில் குறையணுமில்ல? அளவுக்கம்பியில பாத்தா ஏறிக்கினு கீது. ரேடியேட்டருக்குத் தெனமும் தண்ணி ஊத்தறேன்."

"மேஸ்திரிகிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. 'ஊர்ல எல்லா வண்டியும் ஆயில் குடிக்குது, உன் வண்டி மட்டும் ஈனுதா? கன்னுக்குட்டிக்கு இன்னா பேரு வெச்ச?'ன்றாரு. ஷெட்டே சிரிக்குது." சொல்லிவிட்டு அவனும் சிரித்தான்.

ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் கசிந்து ஆயிலில் சேர்ந்துகொண்டிருந்தது. நான் தட்டில் கண்டதை அவன் ஒரு கம்பியில் கண்டிருந்தான். வண்டியை எடுக்காதே என்றேன்.

"நான் எடுக்கலன்னா வேற ஆளு எடுப்பான். அப்புறம் எனக்கு வேலை ஏது?"

எஞ்சின் இறுகியபின் நிறுவனம் நடத்திய விசாரணையில் அவன்மேல் வைத்த குற்றம்: ஆயில் அளவைப் பார்க்காமல் ஓட்டினான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று மேலாளர் வாசலிலேயே என்னிடம் தெலுங்கில் சொல்லிவிட்டார். மேசைமேல் இரண்டாவது அறிக்கை மட்டும் இருந்தது. கையெழுத்து உங்களுடையதா என்றார்கள். ஆம் என்றேன். ஆயில் நன்றாக இருந்ததா என்றார்கள். இருந்தது என்றேன். முதல் அறிக்கையின் கார்பன் நகல் என் பையில் இருந்தது. ஆய்வுக்கூடம் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. மூடிவிடுவார்கள் என்று பயந்து அதை எடுக்கவில்லை. அந்தப் பணிமனையில் அளவுக்கம்பி சொன்னதை நம்பிய ஒரே ஓட்டுநரை, அளவே பார்க்காதவன் என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். நான் அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் படிவத்தில் மூன்றாவது கட்டம் சேர்த்தேன்: எஞ்சினைத் திறக்கவும். மேலாளர் பாராட்டினார்.

தம்பிக்கு அதன்பின் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. கூப்பிட்டவர்களின் வண்டியை ஓட்டினான். விசாரணையில் நான் என்ன சொன்னேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சென்ற மாதம் அவனை அடக்கம் செய்தோம். தள்ளாத வயதில் மேஸ்திரியும் வந்திருந்தார். என் எதிரிலேயே தம்பி மனைவியிடம் சொன்னார்: "தங்கமான ஆளும்மா. ஆயில் பாக்க மட்டும் மறந்துட்டாரு, பாவம்."

அவள் ஆமென்று தலையசைத்தாள். இத்தனை வருடங்களும் அதை நம்பியிருக்கிறாள். அவருடைய சட்டையைப் பிடிக்க என் கை எழுந்தது. எழுந்த கையால் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

இன்னும் செய்யாதவை:

தம்பி மனைவியை உட்காரவைத்து, முதல் அறிக்கையை வாசித்துக் காட்டுவது.

அவர் சொன்னது பொய் என்று மேஸ்திரிக்கு எழுதுவது, அவர் உயிரோடு இருக்கும்போதே.

சபை இதழ் கேட்ட மரணக் குறிப்பை முடிப்பது. பெயர், வயது, ஊர் எழுதியாகிவிட்டது. தொழில் என்ற இடத்தில் பேனா நிற்கிறது.